எட்டாவது பைட்டில் தகராறு

ஆரம்பாக்கம் போயிருக்கிறீர்களா? பேர்தான் ஆரம்பம், தமிழ்நாடு அங்கே முடிந்துவிடுகிறது. சென்ட்ரலில் சூலூர்ப்பேட்டை வண்டி பிடித்தால் கும்மிடிப்பூண்டி, எளாவூர், அப்புறம் ஆரம்பாக்கம். அடுத்த ஸ்டேஷன் தடா, ஆந்திரா. கிழக்கே பழவேற்காடு ஏரி, ஏரிக்கு அந்தண்டை ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற தினம் மொட்டை மாடிக்குப் போனால் போதும், டி.வி. வேண்டாம். மற்ற தினங்களில் லாரிகளை வேடிக்கை பார்க்கலாம்.

அந்த ஊரில் ஒரு வாடகை ரூமில் உட்கார்ந்து, சமீப காலத்தில் நான் படித்த நல்ல உரைநடை ஒன்றைப் படித்துவிட்டு வந்தேன். தமிழ் இல்லை. இங்கிலீஷும் இல்லை. சி ப்ளஸ் ப்ளஸ். இந்த வாரம் அதற்குத்தான் விமரிசனம். பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், பால்காரர், ரயில், ராக்கெட் எல்லாம் நடுவில் வருகின்றன.

ரூம் ஒரு பழைய நண்பரின் மகனுடையது. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஓர் இரும்பு உருக்கும் ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறான். ஆலையின் பேர் வேண்டாம். பையன் பேரும் வேண்டாம், வேலை போய்விடும். பழைய இரும்பை மின்சார உலையில் போட்டு உருக்கி வார்க்கிற தொழில். உலைக்கு ஒரு கண்ட்ரோல் பேனல் உண்டு. அது தன்பாட்டுக்கு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே இருக்கும். எத்தனை கிலோவாட், குளிர்விக்கிற தண்ணீர் எத்தனை டிகிரி, எப்போது அலாரம், எப்போது டிரிப். இந்தக் குறிப்புக்கு 'லாக்' என்று பேர். கப்பல்காரர்கள் பயணக் குறிப்பு எழுதிய நோட்டிலிருந்து வந்த வார்த்தை.

ஒரு சமயம் உலையின் உட்பூச்சு, லைனிங் என்பார்கள், நாள் கணக்குக்கு முன்பே தேய்ந்துபோயிருந்தது. பெரிய நஷ்டம். ஏன் என்று பத்து நாள் லாகைப் புரட்டினார்கள். ஒரு தேதியில் தண்ணீர் சூடாகி அலாரம் அடித்திருக்கிறது, இருபது நிமிஷம் யாரும் கவனிக்கவில்லை, உலை தானாகவே நின்றிருக்கிறது. பிரிண்ட் எடுத்தார்கள். காலை 4.12. நைட் ஷிஃப்ட். உலைப் பக்கம் இருந்தவர் பதினெட்டு வருஷ சர்வீஸ்காரர். தூங்கிவிட்டாய் என்று மெமோ கொடுத்துவிட்டார்கள்.

"சத்தியமா தூங்கலைப்பா. என் ஷிஃப்ட்ல அலாரமே அடிக்கல" என்று பையனிடம் வந்து அழாத குறையாகச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் சொல்வதுதானே! ஆனால் பையனுக்கு என்னவோ உறுத்தியிருக்கிறது. மின்வாரிய மீட்டரின் அரை மணி நேரக் கணக்கை வாங்கிப் பார்த்தான். 4 மணிக்கும் 4.30-க்கும் நடுவில் உலை முழு லோடில் ஜம்மென்று ஓடியிருக்கிறது. லோடு விழுந்தது 9.30-க்கும் 10-க்கும் நடுவில். பகல் ஷிஃப்ட். 4.12 உடன் ஐந்தரையைக் கூட்டுங்கள், 9.42. பேனலின் கடிகாரம் பிறந்த ஊரிலிருந்து கிரீன்விச் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் படித்துப் பிரிண்ட் போடும் புரோகிராம் எந்த ஊர் நேரம் என்று சொல்லவில்லை. லாக் பொய் சொல்லவில்லை. படித்துச் சொன்னவன்தான் பாதியை முழுங்கிவிட்டான்.

பையன் மீட்டர் கணக்கை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனான். அங்கே என்ன நடந்தது என்பது அப்புறம்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரு பித்து. உலகத்தில் யாராவது லாக் படிக்கிற புரோகிராமை ஒழுங்காக எழுதியிருக்கிறார்களா? தேடிக்கொண்டு போனவன் ஒரு கம்பைலருக்குள் போய் நின்றிருக்கிறான்.

கம்பைலர் என்றால் மொழிபெயர்ப்பாளர். மனுஷன் எழுதுவதை மெஷினுக்குப் புரிகிற எண்களாக மாற்றித் தருகிற புரோகிராம். எல்.எல்.வி.எம். என்று ஒரு கம்பைலர் குடும்பம் இருக்கிறது. 2000-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னர் என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் விக்ரம் அட்வேயும் ஆரம்பித்தது. அட்வே பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்தவர். இன்றைக்கு உங்கள் செல்ஃபோனுக்குள் ஓடுவதில் கணிசமான பகுதி இந்தக் குடும்பத்தின் கை பட்டது. மூலம் முழுக்கத் திறந்து கிடக்கிறது. ஆரம்பாக்கத்தில் லுங்கியோடு உட்கார்ந்துகூடப் படிக்கலாம்.

இந்தப் பெரிய வீட்டின் ஒரு மூலையில் எக்ஸ்ரே என்று ஒரு சமாசாரம். கூகுளில் பிறந்து 2016-ல் எல்.எல்.வி.எம்.முக்குள் வந்தது. பெரிய புரோகிராமில் ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் ஓர் அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை உள்ளே போகிறது, வெளியே வருகிறது. எந்த அறையில் நேரம் வீணாகிறது என்று தெரிய வேண்டும். வாசலுக்கு வாசல் வாட்ச்மேன் போட்டால் கட்டுப்படியாகாது. எக்ஸ்ரே என்ன செய்கிறது என்றால், மொழிபெயர்க்கும்போதே வாசல்களில் ஒரு காலி ஸ்டூலைப் போட்டுவைக்கிறது. 'சும்மா இரு' என்று மெஷினுக்குச் சொல்லும் சில கட்டளைகள், அவ்வளவுதான். செலவு ஏறக்குறைய இல்லை. புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வேண்டுமென்றால் அந்த ஸ்டூல்களில் ஆளை உட்கார வைக்கலாம். போதும் என்றால் எழுப்பி அனுப்பிவிடலாம். அழகான யோசனை.

உட்கார்ந்தவன் நோட்டில் எழுதுகிறானே, அது எப்படி என்பதுதான் நம் விஷயம்.

வீட்டில் பால் கணக்கு காலண்டர் ஞாபகம் இருக்கிறதா? சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும். தேதிக் கட்டத்தில் ஒரு கோடு, சில நாள் ஒன்றரைக் கோடு, ஒரு சுழி, அங்கங்கே ஒரு பெருக்கல் குறி. அம்மாவுக்கு மட்டும் தெரியும். சுழி என்றால் பால்காரர் வரவில்லை, பெருக்கல் என்றால் பால் திரிந்துவிட்டது, காசு கிடையாது. எழுதுவது ஒரு நொடி வேலை. அதனால்தான் எழுத முடிகிறது. மாசக் கடைசியில் அம்மா ஊருக்குப் போயிருந்தால் அப்பா அந்தக் காலண்டர் முன்னால் நின்று விழிப்பார். பால்காரர் சொன்னதுதான் கணக்கு.

எக்ஸ்ரே லாகும் இதே ஜாதிதான். வாசலில் உட்கார்ந்திருப்பவன் விலாவாரியாக எழுதிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நின்றுபோகும். ஆகவே ஒரு பதிவுக்கு மொத்தம் 8 பைட், அதாவது 64 பிட். 28 பிட்டில் ஃபங்ஷனின் எண், பேரெல்லாம் கிடையாது. 32 பிட்டில் நேரம். அதுவும் முழு நேரம் இல்லை, முந்தின பதிவுக்கு அப்புறம் எத்தனை துடிப்பு என்கிற வித்தியாசம் மட்டும். மிச்சம் 4 பிட்டில் இது என்ன மாதிரிப் பதிவு, போனதா வந்ததா என்கிற விவரம். இடையிடையே 16 பைட்டில் கொஞ்சம் பெரிய குறிப்புகள். 'இதோ புதுப் பக்கம்', 'இப்போது மணி இன்னது', 'வேலை வேறு சி.பி.யு.வுக்கு மாறிவிட்டது, அந்தக் கடிகாரம் இவ்வளவு காட்டுகிறது'.

பழைய ரிஜிஸ்தர்களில் 'மேற்படி, மேற்படி' என்று பக்கம் பக்கமாகப் போகுமே, அது மாதிரி. மேலே ஒரு வரி கிழிந்துவிட்டால் கீழே இருக்கிற அத்தனை மேற்படிகளும் அனாதை.

இந்த முறைக்கு எக்ஸ்ரேக்காரர்கள் வைத்த பேர் 'ஃப்ளைட் டேட்டா ரெக்கார்டர்'. விமானத்தின் கறுப்புப் பெட்டி. பொருத்தமான பேர்தான். கறுப்புப் பெட்டியும் பழசின்மேல் புதுசை எழுதிக்கொண்டே போகும், இதுவும் அப்படி வைத்துக்கொள்ளலாம். கறுப்புப் பெட்டியிலும் படிப்பதுதான் பாடு. 2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தில் இரண்டு பெட்டிகள் கிடைத்தன. பின்பக்கத்துப் பெட்டியை வழக்கமான வழியில் படிக்க முடியவில்லை, அவ்வளவு சேதம். முன்பக்கத்துப் பெட்டியின் நினைவகத்தை எடுத்து, அதே ரகத்து இன்னொரு பெட்டியை அமெரிக்காவிலிருந்து வரவழைத்து, அதன் உதவியோடுதான் படித்தார்கள். எழுதுகிற பெட்டிக்கு உலகம் முழுக்கப் பேர். படிக்கிற பெட்டியை யாருக்குத் தெரியும்?

இனி விமரிசனம்.

எக்ஸ்ரே லாகைப் படிக்கும் நிரலின் பழைய வடிவத்தை முதலில் பார்த்தேன். மோசம் என்று சொல்ல மாட்டேன். வேலை செய்தது. ஆனால் ஒரே ஆள் டிக்கெட் கொடுத்து, விசில் ஊதி, வண்டியும் ஓட்டுகிற பஸ் மாதிரி. பைட்டை எண்ணாக்குவது, இந்தப் பதிவுக்கு அப்புறம் அது வரலாமா என்று பார்ப்பது, மேற்படிகளைக் கூட்டி நேரம் கண்டுபிடிப்பது, முடிவைக் கொடுப்பது எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. 'அடுத்து இது வர வேண்டும்' என்று மனசில் வைத்துக்கொண்டே நகர்கிற எழுத்து. புதுசாக ஒரு வகைப் பதிவு சேர்க்க வேண்டுமென்றால் பின்னலை முழுக்கக் கையில் எடுக்க வேண்டும்.

2018-ன் பிற்பாதியில் டீன் மைக்கேல் பெரிஸ் என்பவர் முன்னின்று இதைப் பிரித்துப் போட்டிருக்கிறார். ஒருத்தர் பைட்டிலிருந்து பதிவை மட்டும் எடுப்பார். அர்த்தம் பற்றிக் கவலைப்பட மாட்டார். ஒருத்தர் இலக்கணம் பார்ப்பார், புதுப் பக்கம் என்ற குறிப்பு வராமல் வேலைக் குறிப்பு வந்தால் கையைப் பிடிப்பார். ஒருத்தர் மேற்படிகளை விரிப்பார். ஒருத்தர் எந்தப் பக்கம் யாருடையது என்று அட்டவணை போடுவார். இன்னொருத்தர் ஒன்றும் செய்யாமல் உள்ளதை உள்ளபடி அச்சடிப்பார். இந்தக் கடைசி ஆளை வைத்து ஒரு தனிக் கருவியே செய்திருக்கிறார்கள். சண்டை வரும்போது முதலில் கூப்பிட வேண்டியது அவரைத்தான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். எல்.எல்.வி.எம்.மில் பைட்டுகளை எடுத்துத் தருகிற ஒரு பழைய சாமான் உண்டு. ஃபைல் தீர்ந்துபோன பிறகும் 'அடுத்த எண்ணைக் கொடு' என்றால் அது சண்டை போடாது. சமர்த்தாகப் பூஜ்யம் கொடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே நிற்கும். கவனிக்காதவன் பூஜ்யத்தை நிஜம் என்று எடுத்துக்கொண்டு மேலே போவான். 'கடிகாரத்தின் வேகம் பூஜ்யம்' என்று அழகாகப் பிரிண்டும் போடுவான். புது நிரலில் ஒவ்வொரு எண்ணை எடுத்த பிறகும் ஒரு கேள்வி: நகர்ந்தாயா? நகரவில்லை என்றால் வேலை நிறுத்தம். 'இன்னதைப் படிக்கப் போனேன், இத்தனையாவது பைட்டில் முடியவில்லை' என்று விலாசத்தோடு புகார். வரிக்கு வரி இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. இலக்கிய விமரிசகர்கள் 'கூறியது கூறல்' என்று குற்றம் சொல்வார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

லாகின் முதல் 32 பைட் முகப்பு. பதிப்பு எண், வகை எண், அப்புறம் சில கொடிகள், அப்புறம் எட்டாவது பைட்டிலிருந்து கடிகாரத்தின் வேகம். (புரோகிராமர்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிற ஜாதி, நமக்கு அது ஒன்பதாவது.) அந்தக் கொடிகளில் இரண்டைக் கவனியுங்கள். இந்தக் கடிகாரம் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுமா? சி.பி.யு. தூங்கும்போதும் ஓடுமா? எழுதுகிறவன் தன் கடிகாரத்தின் யோக்யதையை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறான். பையன் இந்த இடத்தை எனக்குக் காட்டியபோது குரல் கொஞ்சம் மாறிவிட்டது.

"இதே மாதிரி ஒரு பைட்டு, 'இது எந்த ஊர் டைம்'னு, நம்ம பேனல்ல இருந்திருந்தா மெமோவே வந்திருக்காது சார்."

இருந்திருந்தாலும் அதைப் படிக்கிற புரோகிராம் அந்தப் பைட்டை மதித்திருக்க வேண்டுமே, அது வேறு கதை.

இன்னொரு நல்ல காரியம். சில சமயம் லாகில் ஓர் அறைக்குள் போனது இருக்கும், வெளியே வந்தது இருக்காது. கம்பைலர் சாமர்த்தியமாகக் குறுக்கு வழி போட்டதால் அப்படி ஆகலாம், எழுதினது தொலைந்தும் போயிருக்கலாம். படிக்கிற கருவி அங்கே நின்றுவிடும். 'இது இப்படித்தான் நடந்திருக்கும்' என்று ஊகிக்க அதற்குத் தெரியும். ஆனால் ஊகி என்று நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டும். தப்பைக் கண்டுகொள்ளாமல் மேலே போ என்பதற்கும் தனி ஆணை. சொல்லாதவரை தன் கற்பனையைச் சேர்க்காது. நம் ஊரில் என்கொயரி கமிஷன்களுக்கு இந்த ஏற்பாடு செய்து கொடுத்தால் தேவலை.

குறைகளும் உண்டு. பெரிய குறை, எழுதுகிறவனும் படிக்கிறவனும் வேறு வேறு வீட்டில் குடியிருக்கிறார்கள். எழுதுகிற பகுதி, ஓடும் புரோகிராமோடு ஒட்டிக்கொள்கிற தனி லைப்ரரி, அது எல்.எல்.வி.எம்.மின் மற்ற லைப்ரரிகளைச் சார்ந்திருக்கக் கூடாது. அதற்குத் தக்க காரணங்கள் இருக்கின்றன. விளைவு, பதிவு எப்படி இருக்கும் என்கிற வரையறை இரண்டு இடத்தில், இரண்டு முறை எழுதப்பட்டிருக்கிறது. அங்கே மாற்றினால் இங்கே கை வலிக்க மாற்ற வேண்டும். மறந்தால்? பதிப்பு எண்ணை ஏற்றிக்கொண்டே போய்ச் சமாளித்திருக்கிறார்கள். பழைய பதிப்பு லாகுகளையும் படிக்க வேண்டுமென்பதால் 'இந்தப் பதிப்பா, அப்படியானால் இப்படி' என்கிற கிளைகள் கூடிக்கொண்டே போகின்றன. பழைய வீட்டில் ஒயரிங் மாதிரி.

இன்னொன்று, ஃபைலின் நெற்றியில் நாமம் இல்லை. நான் எக்ஸ்ரே ஃபைல் என்று சொல்லும் அடையாள எழுத்துகள் கிடையாது. பதிப்பு எண்ணையும் வகை எண்ணையும் பார்த்து இதுவாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. பொருந்தாவிட்டால் எழுத்து வடிவத்தில் எழுதின லாகோ என்று பார்ப்பது. ஆரம்பத்திலேயே நாலு பைட் செலவழித்திருந்தால் இந்த ஜோசியம் மிச்சம். அப்புறம், லாக் முழுவதையும் நினைவில் ஏற்றிக்கொண்டு அடுக்குகிற வழக்கம். சின்ன லாகுக்குச் சரி. ஒரு நாள் பூராவும் ஓடினதைக் கொடுத்துவிட்டு நீங்கள் காப்பி சாப்பிட்டுவிட்டு வரலாம்.

குறை சொல்வது சுலபம். இந்த மாதிரி நிரலைத் திருத்துகிறவர்களுக்குக் கைதட்டல் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். கம்பைலரில் புது வித்தை சேர்த்தால் மாநாட்டில் பேசக் கூப்பிடுவார்கள். லாக் படிக்கிற நிரலில் ஒரு பிழைச் செய்தியைத் தெளிவாக்கினால் யாரும் கூப்பிடப் போவதில்லை. என்றைக்கோ ஒரு ராத்திரி, யாரோ ஒருத்தன் மண்டையை உடைத்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போவான். அவனுக்கு இவர்கள் பேர் தெரியாது.

பேசிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஓர் எக்ஸ்பிரஸ் கூடூர் பக்கம் போயிற்று. ரூமே அதிர்ந்தது. "இந்த லைன்லதான் சார் கவரைப்பேட்டை" என்றான்.

ஞாபகம் இருக்கும். 2024 அக்டோபர் 11, ராத்திரி எட்டரை மணி சுமார். மைசூரிலிருந்து தர்பங்கா போகிற பாக்மதி எக்ஸ்பிரஸ். கவரைப்பேட்டையில் மெயின் லைனில் போக பச்சை சிக்னல். டிரைவர் சிக்னலை மதித்துத்தான் வந்தார். ஸ்டேஷனுக்குள் நுழையும்போது பெரிய அதிர்ச்சி. வண்டி மெயின் லைனில் போகாமல் 75 கிலோமீட்டர் வேகத்தில் லூப் லைனுக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த சரக்கு ரயில்மேல் மோதியது. பெட்டிகள் தடம் புரண்டன, ஒன்று தீப்பிடித்தது. காயங்கள், உயிர்ச்சேதம் இல்லை என்பது அதிசயம். அந்த வண்டி இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆரம்பாக்கத்தைத் தாண்டியிருக்க வேண்டியது.

ரயில்வேயிலும் லாக் உண்டு. ஸ்டேஷனின் ரிலே அறையில் டேட்டா லாகர் என்று ஒரு பெட்டி. எந்த சிக்னல் எப்போது பச்சையாயிற்று, எந்தப் பாயின்ட் எந்தப் பக்கம் திரும்பியது, எந்தத் தடத்தில் வண்டி ஏறியது என்று ஒவ்வொரு ரிலேயின் அசைவையும் நேரத்தோடு குறிக்கும். கவரைப்பேட்டை விபத்துக்கு அப்புறம் செல்ஃபோன் செல்ஃபோனாக ஒரு வீடியோ சுற்றியது. கோடு கோடாகத் தண்டவாளம், ஒரு சிவப்புக் கோடு நகர்ந்து வந்து பக்கத்துக் கோட்டில் தாவுகிறது. நிறையப் பேர் அதை ஏதோ சி.சி.டி.வி. படம் மாதிரிப் பார்த்தார்கள். அது படம் இல்லை. லாகைப் படித்து ஒரு புரோகிராம் வரைந்து காட்டின சித்திரம். படிக்கிற புரோகிராம் எதை எப்படி வரையச் சொன்னதோ அதுதான் திரையில் ஓடும்.

லாகர், ரிலே சொன்னதைத்தான் எழுதும். தண்டவாளம் என்ன செய்தது என்று அதற்குத் தெரியாது. கவரைப்பேட்டையில் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை 2025-ல் சொன்ன முடிவு, பாயின்ட் பக்கத்துப் பாகங்கள் தானாகப் பழுதாகவில்லை, யாரோ வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார்கள் என்பது. போல்ட்டைக் கழற்றுகிறவனைக் குறிக்க எந்த ரிலேயும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஆட்கள் டார்ச் அடித்துக்கொண்டு ஜல்லிமேல் நடக்க வேண்டியிருந்தது.

அதற்கு முந்தின வருஷம், 2023 ஜூன் 2, ஒடிஷாவில் பாலசோர் பக்கம் பஹநாகா பஜார். இன்னும் கொடுமை. அங்கே சிக்னல் சர்க்யூட்டில் முன்பு செய்த வேலைகளில் நேர்ந்த ஒயரிங் தவறு. பாயின்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருக்கிறது, 'நேராக இருக்கிறது' என்று கருவிக்குச் சேதி போகிறது. கருவி அதை நம்பியது. சிக்னல் பச்சை விழுந்தது. 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். கோரமண்டல் எக்ஸ்பிரஸ், நம் சென்ட்ரலுக்கு வர வேண்டிய வண்டி. மறுநாள் இதே ஆரம்பாக்கம் வழியாகத்தான் வந்திருக்கும்.

லாக் படிக்கிற நிரல் எழுதுகிறவர்கள் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய வித்தியாசம் இது. 'பாயின்ட் நேராக இருந்தது' என்று அச்சடிப்பதும் 'பாயின்ட் நேராக இருப்பதாகக் கம்பி சொன்னது' என்று அச்சடிப்பதும் ஒன்றில்லை. இடம் அதிகம் ஆகும், ஆகட்டும். எக்ஸ்ரேயின் உள்ளதை உள்ளபடி அச்சடிக்கிற ஆளை நான் புகழ்ந்ததற்கு இதுதான் காரணம். அவர் சித்திரம் வரைவதில்லை.

நேர் எதிரான கேஸும் இருக்கிறது. ஏரிக்கு அந்தண்டையில் ராக்கெட் விடுகிறவர்களுக்கு மனப்பாடமான கேஸ். 1996 ஜூன் 4, ஐரோப்பியர்களின் ஏரியான் 5, முதல் பயணம். கிளம்பி 37 நொடி வாக்கில் திசை தப்பி வெடித்தது. காரணமாக எல்லோரும் சொல்வது, 64 பிட் எண்ணை 16 பிட் டப்பாவுக்குள் திணிக்கப் பார்த்தது. சரிதான். ஆனால் டப்பா வழிந்ததோடு ராக்கெட் சாகவில்லை. திசை காட்டும் கருவி தான் செத்துப்போவதற்கு முன்னால் 'எனக்கு இன்ன கோளாறு' என்று ஒரு குறிப்பு அனுப்பியது. மெயின் கம்ப்யூட்டர் அந்தக் கோளாறுக் குறிப்பை பறக்கும் திசை பற்றிய தகவல் என்று படித்துவிட்டது. இல்லாத தப்பைத் திருத்த மூக்கை முழு விசையோடு திருப்பியது. சாகிறவன் எழுதின சீட்டை மளிகை லிஸ்ட் என்று படித்துக் கடைக்குப் போன மாதிரி. 'இந்த 16 பைட் குறிப்பு வேறு, அந்த 8 பைட் பதிவு வேறு, முதல் பிட்டைப் பார்த்துப் பிரி' என்று எக்ஸ்ரே நிரல் முதல் காரியமாகச் செய்கிறதே, அந்த ஒரு பிட்டின் விலை ஒரு ராக்கெட்.

பையன் தன் ஆலைக்கு ஒரு சின்ன லாக் படிக்கும் புரோகிராம் எழுதியிருக்கிறான். காட்டினான். எல்.எல்.வி.எம். அழகு இல்லை, முந்நூறு வரி. ஆனால் நேரத்தை அச்சடிக்கிற இடத்தில் இரண்டு பத்தி வைத்திருக்கிறான். ஒன்றில் பேனல் சொன்ன நேரம், பக்கத்தில் இவன் கணக்குப் போட்ட நம் ஊர் நேரம். எண் இருக்க வேண்டிய இடத்தில் குப்பை இருந்தால் பூஜ்யம் போடுவதில்லை; எத்தனையாவது வரி என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. ஷிஃப்ட்டில் இருப்பவர்களுக்கு இது பிடிக்கவில்லையாம். பழசு இப்படி நிற்காதே என்கிறார்கள்.

ஸ்டேஷனுக்கு என்னைக் கொண்டுவிட வந்தான். பிளாட்ஃபாரத்தில் டீ குடித்தோம். மேனேஜர் சமாசாரத்தைக் கேட்டேன்.

"மீட்டர் கணக்கைப் பாத்தாரு சார். ஒத்துக்கிட்டாரு. பேனல் கம்பெனிக்கு மெயில் போடுன்னாரு."

"மெமோ?"

"அவருகிட்ட வாயால சொல்லிட்டாங்க, விட்டுடுங்கன்னு."

"பேப்பரில் வாபஸ் வாங்கினார்களா?"

வண்டி வந்துவிட்டது. "ஃபைல்லதான் சார் இருக்கு" என்றான்.